தத்துவம் படிக்கும் பிள்ளைக்கும் கை கொடுங்கள்

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் கல்வி உதவிக் குழுப் பெரியோர்களுக்கு வணக்கம்.

டர்பனில் நம் சங்க மண்டபத்தில் பல வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுத்துவருகிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்க உங்களிடம் உதவி கேட்டாள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. "சாமி விஷயம்தானே, கோயிலிலேயே கற்றுக்கொள்ளலாமே" என்று உங்களில் ஒருவர் அவள் அப்பாவிடம் சொன்னாராம்.

உங்கள் கவலை புரிகிறது. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்த நாள் முதல், கரும்புத் தோட்டத்தில் முதுகொடிய உழைத்தவர்களின் வாரிசுகள் நாம். படிப்பு சோறு போட வேண்டும் என்பது நம் ரத்தத்திலேயே ஊறியது. சரி. ஆனால் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசினீர்களா?

அவள் வீட்டில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது, பாட்டியின் அம்மா காலத்தது. தண்டு உடைந்தபோது தாத்தா மாற்றினார். அப்புறம் எண்ணெய்த் தட்டு ஓட்டையாகி அதுவும் மாறியது. போன தீபாவளிக்கு முன் அடிப்பாகமும் புதிது. புளி போட்டுத் துலக்கிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், இது இன்னும் அதே விளக்குதானா?" பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிக் கிரேக்கர்கள் கேட்ட அதே கேள்வி. அடுத்து அவள் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "முதலியார் என்ற குடும்பப்பெயர் மூட்லி ஆகிவிட்டது, வீட்டுப் பேச்சு ஆங்கிலம் ஆகிவிட்டது. நாம் மட்டும் அதே ஆட்களா?"

நம் ஆண்டு விழா மேடைகளில் இந்தக் கேள்வியை யாரும் தொடுவதில்லை.

சாமி விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதரில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றாரின் வாதத்தையும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அருணந்தி சிவாச்சாரியார் மறுக்கிறார். கடவுள் இல்லை என்பவனின் பேச்சுக்கும் நம் சாத்திரத்தில் இடம் இருக்கிறது. தத்துவத் துறை பிள்ளைகளுக்குப் பழக்குவதும் இதைத்தான்.

இந்த ஊரில் அந்தப் படிப்புக்கு இன்னொரு ருசியும் உண்டு. "நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் 1637இல் எழுதினார். நம் ஜூலு அக்கம்பக்கத்தாரோ, மனிதர் மனிதராவது மற்ற மனிதரால்தான் என்பார்கள். அதையே உபுண்டு என்கிறார்கள். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது நம் சித்தாந்தம். இது உபுண்டுவுக்குப் பக்கத்தில் நிற்கிறதா, இல்லை வேறு ஏதோ சொல்கிறதா? இதைத் தமிழும் ஜூலுவும் காதில் விழுந்து வளர்ந்த நம் பிள்ளை யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்?

உங்கள் படிவத்தில் மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்று போடுங்கள். பிப்ரவரியில் வகுப்புத் தொடங்கிவிடும். அதற்குள் அவளைக் கூப்பிட்டு, அந்த விளக்கைப் பற்றி ஒரு தரம் கேளுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை வகுப்பு டீச்சர்