உடற்பயிற்சி உடலியல் வல்லுநர்களுக்குப் பணியிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் பயிற்சி வகுத்துத் தரும் உடற்பயிற்சி உடலியல் வல்லுநர்களை, நம் ஊரில் இன்னமும் ஜிம் பயிற்சியாளர்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். இரண்டு வேலைகளுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் நாடித்துடிப்பு பயிற்சியின்போது வழக்கமான அளவுக்கு உயராது என்பதால், 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணையே அதிகபட்ச நாடித்துடிப்பாக வைத்துக்கொண்டு அவரை டிரெட்மில்லில் விரட்டுவது ஆபத்தில் முடியலாம். விவரம் தெரிந்தவரோ, உடல் உணரும் சிரமத்தை 6 முதல் 20 வரையிலான போர்க் அளவுகோலில் கேட்டறிந்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். இன்சுலின் போட்டுக்கொள்பவரென்றால் தொடங்கும் முன்பே சர்க்கரை அளவைப் பார்ப்பார்.

ஆஸ்திரேலியாவில் இப்பணிக்குப் பல்கலைக்கழகப் பட்டத்துடன் 500 மணி நேரக் களப்பயிற்சியும் தேவை. அங்கீகாரம் பெற்ற பின்னரும் ஆண்டுதோறும் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தாக வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்தால் இவ்வல்லுநர்களுடைய சேவைக்கு அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 2006 முதல் பணம் தருகிறது. படித்தவருக்கு மரியாதையும் வருமானமும் அப்படித்தான் வந்தன.

மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இத்துறை கற்பிக்கப்படுகிறது. சில வாரச் சான்றிதழோடு வருபவருக்கும் முதுநிலைப் பட்டதாரிக்கும் ஒரே சம்பளம் தரும் ஜிம்களை நம்பியே இவர்கள் எத்தனை நாள் இருப்பது? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இதயநோய், நீரிழிவுப் பிரிவுகளில் பதவி உயர்வு வாய்ப்புள்ள பணியிடங்களை உருவாக்குவது குறித்து மக்கள் நல்வாழ்வுத் துறை பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்