பாடமும் மணியும் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கல்விக் கட்டுரையில், ‘கிராமத்து உயர்நிலைப் பள்ளிகளில் பாடமும் மணியும் தவிர மாணவர் வாழ்க்கை என்று சொல்ல ஏதுமில்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் பெரிய படிப்பாளியாகத்தான் இருக்க வேண்டும். அதே கட்டுரையில் நாலு இடத்தில் ‘மேல்நிலை’ என்றும் போட்டிருக்கிறார். பத்தாம் வகுப்போடு முடிவது உயர்நிலை, பன்னிரண்டு வரை போவது மேல்நிலை. தங்களுக்குத் தெரியாததல்ல.

அவர் ஆடி மாதம் ராதாபுரம் பக்கம் வரட்டும். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் குறுவட்டப் போட்டிக்கு முன்னால் மைதானத்தில் கோடு போடுவது எங்கள் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு உரிய வேலை. பத்தாம் வகுப்பு டேப் பிடித்துச் சரிபார்க்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலைக்கு நல்லது, கோட்டுக்கு ஆகாது. வெறும் பொடியைத் தூவினால் விசில் ஊதுவதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும். கயிறு கட்டி, ஆணியால் விரல்கடை ஆழம் கீறி, தண்ணீர் தெளித்து, ஈரம் காயுமுன் பொடியை அந்தக் கீறலுக்குள் இட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு கூடவே கூடாது. கண்ணில் பட்டால் பொசுக்கும், வெறுங்காலில் ஓடும் பிள்ளைக்குப் பாதம் வெந்துபோகும். கோலப்பொடி போதும்.

200 மீட்டர் தடத்துக்கு நேர்ப்பகுதி இரண்டும் 50, வளைவு இரண்டும் 50. வளைவுக்கு நடுவில் முளை அடித்து 15.72 மீட்டர் ஆரத்தில் கோடு இழுக்க வேண்டும். ஓடுகிறவன் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. அதை மறந்து 15.92 வைத்தால் சுற்றுக்கு 1.26 மீட்டர் கூடிவிடும். புதுக் கயிற்றால் அளந்தாலும் கதை கந்தல். இழுக்க இழுக்க நீளும்.

இதில் தங்கள் நாளிதழின் ‘மாணவர் பக்கம்’ பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. வெளிப்பாதையில் ஓடுகிறவனுக்குச் சுற்று நீளம் என்பதால் அவனை முன்னால் தள்ளி நிறுத்தும் தூரம்தான் முன்தள்ளல். இரண்டாவது ஓட்டப்பாதைக்கு அது 7.04 மீட்டர் என்று அதில் அச்சிட்டீர்கள். அது உள்விளிம்பில் வரம்பு கட்டிய பெரிய அரங்கத்துக்கு. பொடிக்கோடு மட்டும் உள்ள தடத்தில், பாதை அகலம் 1.22 என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு 7.67 கொடுக்க வேண்டும். 7.04 கொடுத்தால் அந்தப் பிள்ளை 63 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடும். அன்றைக்கே எழுதினேன். இடமில்லை போலும்.

சுதந்திர தினத்தன்று ஒரு பள்ளியில் கொடி விரியவில்லை என்று படத்தோடு நக்கலாகப் போட்டீர்களே, ஏன் விரியவில்லை என்று ஒரு வரி உண்டா? ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். தண்ணீர் தெளித்த பூவை முழுசாக உள்ளே வைத்தால் துணி நனைந்து ஒட்டிக்கொள்ளும். இதழை உதிர்த்து ஒரு கை அளவு வைத்தால் போதும். புதுச் சணல் கயிற்றில் சுருக்கு முடிச்சு இறுகிவிடும். பழகிய நூல் கயிறுதான் ஒரே இழுப்பில் அவிழும். முந்தின நாள் சாயங்காலமே கப்பிக்கு எண்ணெய் விட்டு, ஒரு பழந்துணியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். இதுவும் மாணவர் வாழ்க்கையில் சேர்த்தி இல்லையாம்.

காலை வழிபாட்டை வேறு ‘சடங்கு’ என்கிறார் அந்தக் கட்டுரையாளர். தமிழ்த்தாய் வாழ்த்து எழுதிய சுந்தரம் பிள்ளை திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்தவர். அதை 55 விநாடியில் முடிக்க வேண்டும். வாத்தியம் இல்லாமல் நூற்றைம்பது பிள்ளைகள் பாடினால் தானாக இழுக்கும். முன்னால் நிற்கிற பிள்ளை தொடையில் விரலால் மூன்று மூன்றாகத் தட்டித்தான் பிடித்து நிறுத்தும். பிறகு உறுதிமொழி, குறள், செய்தி வாசிப்பு.

அந்தச் செய்தி வாசிப்புக்குத்தான் தங்களால் ஆக வேண்டிய காரியம். வழிபாடு 9.20க்கு. தங்கள் நாளிதழ் எங்கள் ஊருக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டிவிடுகிறது. பிள்ளைகள் முந்தின நாள் தாளை வைத்துக்கொண்டு, பொய் சொல்லக்கூடாது என்று, ‘நேற்றைய செய்திகள்’ என்றே வாசிக்கிறார்கள். காலை முதல் பஸ்ஸில் நாளிதழ்க் கட்டை ஏற்றிவிட்டால் பள்ளி முக்கில் இறக்கி வைக்க நடத்துநர் சம்மதித்திருக்கிறார். விற்பனைப் பிரிவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.