தெரிஞ்சவர்தானே, அவருக்கு எதுக்கு போலீஸ் சரிபார்ப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகன் ஒரு கிளப்பில் ரக்பி ஆடுகிறான். பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர்கள் எல்லோரும் போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கிளப்பில் சொன்னதும், பெற்றோர் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வியைத்தான் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். பைசா வாங்காமல் வெயிலிலும் மழையிலும் மைதானத்தில் நிற்கிற மனுஷனைக் குற்றவாளி மாதிரி நடத்தலாமா, இப்படியெல்லாம் கேட்டால் இனிமேல் உதவிக்கு யார் வருவார்கள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. பேசியவர்கள் யாரும் தப்பானவர்கள் இல்லை, நன்றியுணர்ச்சியில்தான் பேசினார்கள். ஆனால் "தெரிந்தவர்" என்ற அந்தச் சலுகையை எந்தக் கிளப்பும் யாருக்கும் தரக் கூடாது என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

விளையாட்டில் வெளியே வந்த பெரிய வழக்குகளை எடுத்துப் பாருங்கள். லாரி நாசர் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர். பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, அவர்கள் கண்ணை மறைத்து நின்றுகொண்டு சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் அத்துமீறினார். புகார்கள் பல வருடங்களுக்கு முன்பிருந்தே வந்திருந்தும், இவ்வளவு பேர் வாங்கிய டாக்டர் அப்படிச் செய்வாரா என்று ஒவ்வொரு தடவையும் அவர் பேச்சைத்தான் நம்பினார்கள். 2018 ஜனவரியில் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை விதித்த நீதிமன்றத்தில் 150க்கும் அதிகமானவர்கள் எழுந்து நின்று தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். இங்கிலாந்து கால்பந்தில் பேரி பென்னல் என்ற இளையோர் பயிற்சியாளர். திறமையான பையன்களைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர், அவர் கண்ணில் பட்டால் பிள்ளைக்கு எதிர்காலம் உண்டு என்று பெற்றோர் நம்பி அவர் வீட்டில் தங்கக்கூட அனுப்பினார்கள். 2016 நவம்பரில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் வீரர், சிறு வயதில் பென்னலின் அத்துமீறலால் தான் பட்டதைத் தன் பெயரோடு வெளியே வந்து பேசிய பிறகு மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். அதன் பிறகு கால்பந்துச் சங்கம் நியமித்த ஷெல்டன் விசாரணையின் அறிக்கை 2021இல் வந்தது, குறைந்தது 240 பேர் மீது சந்தேகம், பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 692 பேர் என்று அதில் இருக்கிறது. இந்த இரண்டு பேருமே பிள்ளைகளின் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாதவன் பிள்ளை பக்கத்தில் வந்தால் நாமே நிமிர்ந்து பார்த்துவிடுவோம்.

சரி, அப்படியானால் சரிபார்ப்புச் சான்றிதழ் வந்துவிட்டால் கவலை விட்டதா? இல்லை. அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. ஏற்கெனவே பிடிபட்டவரைத்தான் அது பெரும்பாலும் காட்டும். கைதாகும் வரை நாசர் மீது எந்தத் தண்டனையும் கிடையாது, குற்றப் பதிவு மட்டும் பார்க்கிற சோதனை என்றால் சுத்தமாகத்தான் வந்திருக்கும். 2002இல் இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் 10 வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி பள்ளி ஒன்றில் பராமரிப்பாளராக இருந்தவர். வேறு பகுதியில் இருந்தபோது அவர் மேல் பாலியல் புகார்கள் பல வந்திருந்தன, எதுவும் தண்டனையில் முடியவில்லை. அந்தத் தகவல் ஒரு காவல்துறையிடமிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரவும் இல்லை, வேலைக்கு வேறு குடும்பப் பெயரில் விண்ணப்பித்திருந்தார். அதை விசாரித்த பிச்சர்ட் அறிக்கை 2004இல் வந்த பிறகுதான் அங்கே தடைப்பட்டியல் (பிள்ளைகளோடு வேலை செய்யக் கூடாது என்று தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்) முறை இப்போதைய வடிவத்துக்கு வந்தது. குற்றப் பதிவுகளைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற, டிபிஎஸ் என்று இன்று எல்லோரும் சொல்கிற அமைப்பு 2012 டிசம்பரில் உருவானது. அதன் விரிவான சோதனையில் தண்டனைகளோடு, பொருத்தமானது என்று உள்ளூர் போலீஸ் கருதும் தகவலும் வரலாம். ஆனாலும் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது, கொடுத்த அன்றைய நிலவரம் அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன் வாங்கியதைப் பையிலிருந்து எடுத்து நீட்டினால் அதற்குப் பெரிதாக அர்த்தம் இல்லை. வேறு நாட்டில் பல வருடம் வாழ்ந்தவர் என்றால் அந்த நாட்டுப் பதிவையும் தனியாகக் கேட்க வேண்டும், நிறையக் கிளப்புகள் இதைக் கேட்பதே இல்லை.

அதனால் காகிதத்தோடு கூட இன்னொரு வேலையும் கட்டாயம் நடக்க வேண்டும். முன்பு எந்தக் கிளப்பில் இருந்தார், ஏன் விட்டார் என்று அந்தக் கிளப்புக்கே போன் போட்டுக் கேட்பது. ஒரு பரிந்துரைக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதி வாங்கிவிடலாம். போனில், "பிள்ளைகளோடு வேலை செய்ய இவரை மறுபடியும் எடுப்பீர்களா?" என்று நேராகக் கேட்டால் எதிர்முனையில் வரும் தயக்கமே நிறையச் சொல்லிவிடும். ஒரு கிளப்பில் முணுமுணுப்பு எழுந்ததும் சத்தமில்லாமல் விலகி அடுத்த கிளப்பில் போய்ச் சேர்வது விளையாட்டில் பழைய வித்தை, அனுப்பிவைத்த கிளப்பும் தொல்லை விட்டது என்று வாயை மூடிக்கொள்ளும்.

யாரையெல்லாம் சோதிப்பது என்பதில்தான் அடுத்த ஓட்டை. கோச் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அணிக்கு மேனேஜர் என்று வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்? காயத்துக்கு டேப் சுற்றுகிற முதலுதவிக்காரர்? மினிபஸ் ஓட்டுகிறவர்? ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறவர்? "அவர் சும்மா ஹெல்ப்புக்கு வர்றார்" என்ற வகையில்தான் இவர்கள் எல்லாம் தப்பிவிடுகிறார்கள். சட்டங்களிலும் இந்த இடம் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் இன்னொருவர் மேற்பார்வையில் உதவும் தன்னார்வலருக்குத் தடைப்பட்டியல் சோதனை செய்ய முடியாது என்று 2012 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிலை இருந்துவந்தது, அதைக் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் பல வருடமாகக் குறையாகச் சொல்லிவந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சொந்தப் பிள்ளை ஆடும் அணிக்கு உதவும் பெற்றோருக்குப் பல சூழ்நிலைகளில் விலக்கு உண்டு, வெளியூரில் இரவு தங்கும் முகாம் என்றால் அந்த விலக்கு செல்லாது. இந்தியாவில் 2020இல் வந்த போக்ஸோ விதிகள் விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, குழந்தைகளோடு தொடர்புள்ள ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்கின்றன. ஊழியர் என்று இருக்கிறது, அப்படியானால் சம்பளமில்லாமல் வருகிறவர்? சட்டம் குறைந்தபட்சம் எதைக் கேட்கிறதோ அதோடு நிற்க வேண்டும் என்று கிளப்புக்கு யாரும் கட்டளை போடவில்லை. தலைவரில் தொடங்கி, வாரம் தவறாமல் பிள்ளைகளோடு இருக்கும் கடைசி ஆள் வரைக்கும் ஒரே நடைமுறை என்று வைத்துவிட்டால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. தலைவரே முதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பாதிப் பேரின் கோபம் அங்கேயே அடங்கிவிடும்.

ரக்பிக்கு என்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன, பொதுவான அறிவுரைப் புத்தகங்களை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. இது உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்து வீழ்த்துகிற டாக்கிளில் தோள் எங்கே படவேண்டும், தலை எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கோச் தொட்டுத்தான் காட்டியாக வேண்டும், இரண்டு அணியும் குனிந்து முட்டித் தள்ளுகிற ஸ்க்ரமில் முதுகு நேராக இருக்கிறதா என்று கை வைத்துத்தான் பார்ப்பார். தொடவே கூடாது என்று விதி போட்டால் பிள்ளைகள் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு கழுத்தைத்தான் உடைத்துக்கொள்வார்கள். ஆனால் எங்கே தொடப்போகிறேன், எதற்காக என்று முதலில் சொல்லலாம், சரியா என்று கேட்கலாம், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் செய்யலாம். தொடையில் டேப் சுற்றுவதையும் மூடிய அறைக்குள் தனியாகச் செய்ய ஒரு காரணமும் இல்லை.

உடை மாற்றும் அறை அடுத்தது. சீனியர் அணியும் ஜூனியர் அணியும் ஒரே கட்டடத்தைப் பயன்படுத்துகிற கிளப்புகளே அதிகம். பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் குளிப்பதும் உடை மாற்றுவதும் கூடாது என்பது அடிப்படை, நேரத்தைப் பிரித்துக் கொடுத்தாலே போதும், செலவில்லை. 17 வயதுப் பையன் சில நிபந்தனைகளோடு பெரியவர்கள் அணியில் ஆட இங்கிலாந்தில் அனுமதி உண்டு. மைதானத்தில் ஆட அனுமதி கிடைத்ததும் ஆட்டம் முடிந்த பிறகு நடக்கும் குடியிலும், புது ஆளை "சேர்த்துக்கொள்ளும்" கூத்துகளிலும் அவனை இழுத்துவிடுவது இந்த ஆட்டத்தின் பழைய வியாதி. அவன் எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவன் குழந்தைதான், நம் ஆட்களுக்கு இது மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. தன்னிடம் பயிற்சி பெறும் 16, 17 வயதுப் பிள்ளையோடு கோச் பாலுறவு வைத்துக்கொள்வதை, ஆசிரியர் செய்தால் எப்படிக் குற்றமோ அப்படியே குற்றமாக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூன் வரை ஆகியிருக்கிறது!

வெளியூர்ப் பயணம்தான் எல்லாவற்றையும் விட எனக்குப் பயம். ஏற்கெனவே சொன்ன பென்னல் முதலில் பிடிபட்டதே 1994இல், இளையோர் அணி ஒன்றோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போயிருந்தபோதுதான். யார் எந்த அறையில் தூங்குகிறார்கள், இரவில் அறைகளைப் பார்க்கப் போகிறவர் தனியாகப் போகிறாரா இரண்டு பேராகவா, ஏதாவது நடந்தால் பிள்ளை அந்தக் குழுவுக்கு வெளியே யாருக்குப் போன் செய்யலாம் என்பதெல்லாம் கிளம்பும் முன்பே எழுத்தில் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஆள் போதவில்லை என்று யாரோ ஒருவரின் நண்பரைச் சேர்த்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம், பயணத்தைத் தள்ளிப்போடுவது எவ்வளவோ மேல்.

இப்போது அந்த "யார் வருவார்கள்" கேள்வி. விண்ணப்பம் ஒரு தொல்லை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் தன்னார்வலருக்கு டிபிஎஸ் கட்டணம் கிடையாது, நியூ சவுத் வேல்ஸிலும் தன்னார்வலருக்கு இலவசம்தான், அங்கே ஒரு முறை வாங்கினால் ஐந்து வருடம் செல்லும், இடையில் புதிதாக வழக்கு வந்தாலும் தொடர்ந்து கவனிக்கிறார்கள். வேலைப்பளுவைத்தான் கிளப் குறைக்க வேண்டும், படிவத்தை நிரப்ப உட்கார்ந்து உதவ ஒரு ஆளைப் போடலாம். இன்னொரு பயமும் உண்டு, அது நியாயமானது: இருபது வருடத்துக்கு முன் ஏதோ சின்னத் திருட்டிலோ அடிதடியிலோ மாட்டியவர், இப்போது ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவர், ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமோ என்று ஒதுங்கிக்கொள்வார். அந்தத் தகவலைக் கிளப்பின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலரைத் தாண்டி யாரும் பார்க்கக் கூடாது, கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்கிற விஷயம் இல்லை அது. எல்லாப் பழைய குற்றமும் பிள்ளைகளுக்கு ஆபத்து ஆகாது, அதை எடைபோடத்தான் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும் என்கிறோம். கமிட்டித் தலைவரின் மனைவியோ மைத்துனரோ அந்தப் பொறுப்பில் இருப்பதை நான் ஏற்க மாட்டேன், யார் மேல் புகார் வருமோ அவர்கள் வீட்டுக்குள்ளேயே புகார்ப்பெட்டியை வைக்கிற கதை அது.

பெற்றோராகிய நாம் கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். ஒரு பையனுக்கு மட்டும் தனியாக மெசேஜ், ஒருத்தனை மட்டும் காரில் கொண்டுபோய் விடுவது, ஒருத்தனுக்கு மட்டும் புது பூட்ஸ், "இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்கிற செல்லம். இதில் எதுவும் தனியாகக் குற்றம் இல்லை, அன்பான மனிதர்களும் செய்வார்கள். ஆனாலும் அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள், மூன்று பேர் மூன்று சமயத்தில் சொன்ன சின்ன விஷயங்கள் ஒரே நோட்டில் இருந்தால்தான் யாராவது சேர்த்துப் பார்க்க முடியும்.

பிள்ளை வாய்விட்டு ஏதாவது சொல்லிவிட்டால் கிளப் தானே விசாரணை நடத்தக் கிளம்பக் கூடாது. பெயர் கெட்டுவிடும், முதலில் நாமே கூப்பிட்டுக் கேட்போம் என்று சம்பந்தப்பட்டவரிடம் போய்ச் சொன்னால் அவருக்குப் போனில் இருப்பதை அழிக்க நேரம் கொடுத்ததுதான் மிச்சம். பிள்ளையிடமும் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது, நாம் கேட்கிற விதமே பின்னால் அவன் சாட்சியத்தைக் கெடுத்துவிடும். சொன்னதைச் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வைத்துக்கொண்டு போலீஸுக்கோ குழந்தைகள் நலத்துறைக்கோ போக வேண்டும். போக்ஸோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. கமிட்டி உறுப்பினர்களுக்கு இதைப் படித்துக் காட்டினாலே பாதி "பார்த்துக்கலாம்" காணாமல் போகும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இளையோர் போட்டிகளின் முடிவுகளைப் போடுகிறீர்கள், படமும் போடுகிறீர்கள், சந்தோஷம். அடுத்த முறை ஒரு கிளப்பைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும்: உங்கள் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் யார், பிள்ளைகளோடு இருக்கும் தன்னார்வலர்களில் சரிபார்ப்பு முடியாதவர்கள் எத்தனை பேர்? வருகிற பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ரக்பி ஆடும் பையனின் தாய்