வீடு யார் பெயரில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களில் ராக்கெட் இருக்கும், ரோபோ இருக்கும், குடும்பம் இருக்காது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2006 மே மாதம் ஒளிபரப்பான ‘தி இடியட்ஸ் லேன்டர்ன்’ பகுதியை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. பேரன் போட்டுக் காட்டினான். மறுநாள் நானே கேட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

1953, லண்டன். ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவைப் பார்க்கத் தெருவே டி.வி. வாங்குகிறது. பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று பார்ப்பவர்களின் முகத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கண், மூக்கு, வாய் ஒன்றுமில்லாமல் மாவு உருண்டை போல ஆகிவிடுகிறார்கள். அப்படி முகமிழந்த மாமியாரை, எங்கள் பக்கத்து முறையில் சொன்னால் சிறுவன் டாமியின் அம்மிச்சியை, மாடியறையில் பூட்டி வைக்கிறான் டாமியின் அப்பா எட்டி. அக்கம்பக்கத்தினரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுப்பதும் அவன்தான். நாலு பேர் என்ன பேசுவார்களோ என்பது மட்டுமே அவன் கவலை. மனைவி ரீட்டா வாயைத் திறந்தால் அதட்டல். அடியைக் காட்டவே தேவையில்லை. அவன் குரல் உயர்ந்ததும் தாயும் மகனும் ஒடுங்குவது போதும்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறித் தெருவில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறேன். தறி ஓடினால் பக்கத்து வீட்டில் இடி விழுந்தாலும் கேட்காது. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில்தான் சுவர்களுக்குக் காது முளைக்கும். அப்படி ஒரு நாள் பாத்திரம் உருளும் சத்தமும் “வேண்டாம், வேண்டாம்” என்ற குரலும் தெளிவாக வந்தன. பெண்கள் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாசலில் நின்றோம். கரண்ட் வந்தது. தறி ஓடத் தொடங்கியது. உள்ளே போய்விட்டோம்.

ரீட்டா கடைசியில் எட்டியை வீட்டைவிட்டு அனுப்புகிறாள். வீடு அவள் அம்மா பெயரில் இருக்கிறது! இங்கே பெட்டியைத் தூக்குவது அடி வாங்கியவள்தான். தாய்வீட்டில் பத்து நாள். பிறகு பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அதே 2006 அக்டோபரில் இங்கே நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி, பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவனை வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். உதவிக்கு 181 என்ற எண்ணும் இருக்கிறது. எங்கள் தெருவில் இதையெல்லாம் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. வெளியேறும் எட்டியின் பின்னால் போகும்படி டாமியிடம் சொல்கிறாள் நாயகி ரோஸ். எத்தனை சமாதானப் பேச்சில் கேட்ட குரல் அது! அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவை இழந்தவள், அதனால்தான் அப்படிச் சொல்கிறாள் என்கிறான் பேரன். இருக்கட்டும். ரீட்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சோமனூர், கோவை மாவட்டம்.