நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்குப் பரிசோதனை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரத்தப் பரிசோதனைக் கூடங்களையும், முழு உடல் பரிசோதனைத் திட்டங்களை விற்கும் மருத்துவமனைகளையும் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ரத்தம் எடுப்பதும், குழாயைச் சுழற்றிச் சீரம் பிரிப்பதும், மெஷினில் வைத்து எண்ணை வாங்குவதுமாகவே என் வேலைக்காலம் போனது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். நாற்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு என்று நீங்கள் விற்கும் பேக்கேஜில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ வரிசையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துவிட்டீர்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எடுக்க மனமில்லை என்றால், செய்ய வேண்டிய விதத்திலாவது செய்யுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்கும் சரக்கு இல்லை. விடிகாலையில் ஏறி, மாலைக்குள் இறங்கும். சாப்பிட்டால் இறங்கும், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து அளந்த ஓர் ஆய்வில் சராசரியாகக் கால் பங்கு குறைந்தது. காய்ச்சலில் இறங்கும், தூக்கம் கெட்டாலும் இறங்கும். சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் வரை சரிந்ததாக 2011-இல் எழுதினார்கள். அதனால்தான் காலையில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கம் 2018 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாத ஆண்களுக்குப் பொதுவாக இந்தப் பரிசோதனை வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான்.

நம் நடைமுறை நமக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் பையன் ஏழு மணி என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வருவான். அதற்குள் ஐயா காபி குடித்திருப்பார், இரண்டு இட்லியும் உள்ளே போயிருக்கும். சர்க்கரைக்காகச் சாப்பிட்ட பின் எடுக்கும் இரண்டாவது ரத்தத்திலேயே ஹார்மோனையும் ஓட்டிவிடுவது உண்டு. சாயங்காலம் கவுன்ட்டருக்கு வேறெதற்கோ வந்தவரிடம், "இன்னும் கொஞ்சம் கட்டினால் ஆண்கள் பேக்கேஜே பார்த்துவிடலாம் சார்" என்று சொல்லி அங்கேயே ஊசியைப் போடுவதும் உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்குகிறவர்களின் கதை தனி. பயோட்டினை வைத்து வேலை செய்யும் மெஷின்களில், அதைப் பெரிய டோஸில் சாப்பிடுபவருக்கு டெஸ்டோஸ்டிரோன் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எத்தனை கவுன்ட்டரில் கேட்கிறார்கள்?

அப்புறம் ரிப்போர்ட் வருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'குறைவு'. எந்தக் கோட்டுக்குக் கீழே குறைவு என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கச் சிறுநீர்ப்பாதை மருத்துவர்களின் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்கிறது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் 264 என்கிறார்கள். அதுவும் 19 முதல் 39 வயது வரையிலான, பருமன் இல்லாத ஆரோக்கியமான ஆண்களை வைத்துப் போட்ட கோடு. 280 வந்த ஒருவர் ஒரு சங்கத்துக்கு நோயாளி, இன்னொரு சங்கத்துக்கு இல்லை. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய ஐம்பது வயதுக்காரர் அன்று இரவு தூங்க மாட்டார். அவர் மனதில் ஓடுவது ஹார்மோன் கணக்கு இல்லை, தான் ஆம்பளைதானா என்ற பயம்.

அந்தப் பயத்தை வைத்துப் பிழைத்தவர்களை நமக்கு நன்றாகவே தெரியும். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய வைத்தியர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். ஆண்மையைப் பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-இலேயே மத்திய அரசு சட்டம் போட்டது. அந்தச் சட்டம் மருந்து விளம்பரத்தைத்தான் தொடும், ரத்தப் பரிசோதனை விளம்பரத்தைத் தொடாது. அந்தச் சந்தில்தான் உங்கள் பேக்கேஜ் நிற்கிறது. லாட்ஜ் வைத்தியர் நாடி பிடித்துச் சொன்னதை நீங்கள் பார்கோடு ஒட்டிய தாளில் சொல்கிறீர்கள். படித்தவனும் நம்புகிறான் என்பதுதான் வித்தியாசம்.

உங்கள் விளம்பரங்களில் வரும் கேள்விகளையும் பார்க்கிறேன். சோர்வாக இருக்கிறதா? எரிச்சல் வருகிறதா? சாப்பிட்டதும் தூக்கம் வருகிறதா? பொங்கலும் வடையும் சாப்பிட்டவனில் யாருக்கு ஐயா தூக்கம் வராது? ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரை 3,369 ஆண்களை வைத்து இதைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. சோர்வு, மனச்சோர்வு போன்ற பொதுவான புகார்கள் ஹார்மோன் அளவோடு சேர்ந்து ஒரு நோயாக உருத்திரளவில்லை. சேர்ந்து நின்றவை மூன்றே: காலை நேர விறைப்பு குறைவது, ஆசை குறைவது, விறைப்புத்தன்மை தளர்வது. இந்த மூன்றும் இருந்து, ஹார்மோனும் குறைவாக இருந்தவர்கள் மொத்தத்தில் 2.1 சதவீதம். நீங்களோ மீதிப்பேருக்கும் சேர்த்து விற்கிறீர்கள்.

வயதானால் டெஸ்டோஸ்டிரோன் குறையாதா? குறையும். ஆனால் அதே ஐரோப்பிய ஆய்வின் கணக்குப்படி மொத்த அளவு ஆண்டுக்குச் சராசரியாக 0.4 சதவீதம்தான் இறங்குகிறது. உடல் பருமன் உள்ளவர்களிடம் காணும் சரிவு இதைப்போல் பல மடங்கு. வயது மெல்ல இறக்குவதைத் தொப்பை வேகமாக இறக்கிவிடுகிறது. நான் சொல்ல வந்ததே இதுதான், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அதை இறுகப் பிடித்துவைத்திருப்பது எஸ்ஹெச்பிஜி என்ற புரதம், கல்லீரல் தயாரிப்பது. தொப்பை போட்டு, கல்லீரலில் கொழுப்பு படிந்து, ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் தூக்கலாக இருக்கும் ஆளிடம் இந்தப் புரதத்தின் உற்பத்தி குறைந்துபோகிறது. பிடித்துவைக்கும் புரதம் குறைந்தால் மொத்த அளவும் குறைவாகத்தான் தெரியும். விரைகள் ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருக்கலாம், திசுக்களுக்குப் போய்ச் சேரும் ஹார்மோனும் போதுமானதாகவே இருக்கலாம். உங்கள் பேக்கேஜ் அளப்பது மொத்த அளவை மட்டும். எஸ்ஹெச்பிஜி பார்ப்பதில்லை, ஏனென்றால் அதற்குச் செலவு கூடுதல்.

பருமன் முற்றும்போது உண்மையாகவே உற்பத்தி குறையும். மூளையிலிருந்து விரைகளுக்கு வரும் உத்தரவு தளர்கிறது. கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. குறட்டையில் மூச்சுத் திணறித் தூக்கம் உடைகிறவருக்கு அதுவும் சேர்ந்துகொள்கிறது. எதிர்த்திசையிலும் விளைவு உண்டு: புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை மருந்தால் அடக்கும்போது உடலில் கொழுப்பு கூடுகிறது, சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. ஆக, பருமனும் ஹார்மோன் குறைவும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆனால் உங்கள் பேக்கேஜ் வாங்குகிற சாதாரண ஐம்பது வயதுக்காரரிடம் முதலில் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் வயிறும் கல்லீரலும் சர்க்கரையும்தான். ஹார்மோன் எண் அதன் நிழல்.

அப்படியென்றால் ஊசி போட்டு நிரப்பினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நேர்மையான பதிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலான, 95 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் வயிற்றுச் சுற்றளவு கொண்ட 1,007 ஆண்களில் பாதிப்பேருக்கு இரண்டு ஆண்டு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டமும் உண்டு. முடிவில் சர்க்கரை நோய் அளவில் இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். 2021-இல் வந்த இந்த முடிவை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தின் பிசிவி அளவு, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டியது, ரத்தம் கெட்டிப்பட்டது. மற்றவர்களில் அது 1 சதவீதம். அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடத்திய டிராவர்ஸ் ஆய்வு 2023-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை, அது நல்ல செய்தி. இதயத் துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் சற்றுக் கூடின. சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள் சர்க்கரை நோயாளியாவதை அந்த ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் தடுக்கவும் இல்லை. அங்கே உணவு, நடைத் திட்டம் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, கேட்டால் பலர் அதிர்ந்துபோகிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டது. தெருவுக்குத் தெரு குழந்தையின்மைச் சிகிச்சை மையம் இருக்கும் ஊரில், தாமதமாகக் கல்யாணம் செய்து பிள்ளைக்காகக் காத்திருக்கும் நாற்பது வயதுக்காரரிடம் 'குறைவு' என்ற தாளை நீட்டுகிறீர்கள். அவர் ஜிம்மில் யாரோ சொன்ன ஊசியைத் தேடிப் போவார்.

நிஜமாகவே இந்த ஹார்மோன் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறவிக் குரோமோசோம் கோளாறு, பிட்யூட்டரியில் கட்டி, பொன்னுக்கு வீங்கியில் விரை கெட்டவர்கள். அவர்களுக்கு அது மருந்து, வாழ்நாள் மருந்து. அவர்களை டாக்டர் கேள்வி கேட்டு, உடலைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

சரி, பேக்கேஜில் அந்த இடத்தில் என்ன வைப்பது? தையல்காரர் டேப். வயிற்றுச் சுற்றளவை அளந்து ரிப்போர்ட்டின் முதல் வரியில் அச்சிடுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை, வெள்ளைக்காரர்களின் கணக்கு நமக்குப் பொருந்தாது. மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறுமாக நம்மவர்கள் நடப்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில். வாசலில் நிற்கும் நம்மவர்களையும் திருப்பி அனுப்ப முடியும் என்று நிரூபித்தது நம் சென்னைதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகளானார்கள். நடையும் உணவு மாற்றமும் தொடர்ந்து கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்களின் எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். எடை இறங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் தானாகவே ஏறுகிறது என்பதும் பல ஆய்வுகளில் பார்த்த விஷயம்.

டேப்பில் லாபம் இல்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதனால்தான் கடைசியாக இரண்டாவது வழியையும் சொல்கிறேன். டெஸ்டோஸ்டிரோனை விற்றே தீருவேன் என்றால், டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள். பத்து மணிக்குமேல் வந்தவரையும் சாப்பிட்டுவிட்டு வந்தவரையும் மறுநாள் வரச் சொல்லுங்கள். ஒருமுறை குறைந்தால் இரண்டாவது தடவையை இலவசமாகச் செய்து, எஸ்ஹெச்பிஜியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் முடியும்வரை அந்தத் தாளில் 'குறைவு' என்று அச்சடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீசியன்
மதுரை