எட்டு ட்ராக் என்றால் எட்டு மைக் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் நோம்பி நாட்களில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் குழுவில் இருபது ஆண்டுகளாகப் பின்பாட்டுப் பாடி வருகிறேன். பாட்டை வீட்டிலேயே பதிவு செய்துவைக்க எளிய டிஜிட்டல் மல்டிட்ராக் ரெக்கார்டர் (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் ட்ராக் எனப்படும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்யும் கருவி) எதை வாங்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். நானே முதல்முறை பொருந்தாத கருவியை வாங்கிக் காசை இழந்தவன் என்பதால், தங்கள் நாளிதழ் வழியாக இதை எழுதுகிறேன்.

கடையில் "எட்டு ட்ராக்" என்று சொன்னதை, எட்டு மைக் செருகலாம் என்று நான் எடுத்துக்கொண்டேன், விற்றவரும் திருத்தவில்லை. எட்டுத் தடங்களையும் சேர்த்துக் கேட்கலாமே தவிர, ஒரே நேரத்தில் இரண்டை மட்டுமே பதிவு செய்யலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது. தாமே மெட்டமைத்து, முதலில் கீபோர்டு, அதைக் கேட்டபடியே குரல், பிறகு தாளம் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறவருக்கு அது குறையே அல்ல. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் போன்ற, 8 ட்ராக்கும் மைக் செருக 2 உள்ளீடும் கொண்ட சிறிய கருவி அவருக்குத் தாராளமாகப் போதும். உடுக்கைப் பாட்டு அப்படிப்பட்டதன்று. முன்பாட்டுக்காரர் எந்த அடியை மடக்குவார், எங்கே பாட்டை நிறுத்தி வசனத்துக்குப் போவார் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எடுத்துக் கொடுக்கிறோம். முதல் நாள் பதிவான அவர் குரலை ஹெட்போனில் கேட்டபடி மறுநாள் பின்பாட்டுப் பாடிப் பார்த்தபோது, ஒவ்வோர் அடியிலும் நான் பின்தங்கிப் போனேன்.

ஆகவே, எத்தனை ட்ராக் என்று கேட்பதற்கு முன், ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைப் பதிவு செய்யும் என்று கேட்க வேண்டும். முன்பாட்டுக் குரல், உடுக்கை, பின்பாட்டு, பம்பை என்று எண்ணினாலே நான்கு ஆகிவிடுகிறது. ஜூம் ஆர்16 என்ற கருவி தன் எட்டு உள்ளீடுகளையும் ஒருசேரப் பதிவு செய்யும். ஆனால் மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் வயர் வழியாகவே கருவி அனுப்பும் மின்சாரம்) அவற்றில் இரண்டுக்கு மட்டுமே உண்டு. மேடையில் பயன்படுத்தும் சாதாரண டைனமிக் மைக்குகளே கையில் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சோமனூர், பல்லடம் பக்கத்து வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விசைத்தறி ஓடும் வீதியில் எந்த மைக்கை வைத்தாலும் தறிச்சத்தம்தான் முதலில் பதிவாகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் எங்கள் வீதியே அடங்குகிறது. பென்சில் பேட்டரியில் இயங்கும் கருவி இருந்தால் அந்தப் பகற்பொழுதில் பாடிப் பதிவு செய்துகொள்ளலாம். மேலே சொன்ன டாஸ்காம் நான்கு பேட்டரியிலும் ஜூம் ஆறு பேட்டரியிலும் ஓடும். பேண்டம் பவரைப் போட்டால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், கூடுதலாக ஒரு செட் வைத்திருப்பது நல்லது.

மெமரி கார்டு பெரிய செலவில்லை. சிடி தரத்தில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்பி பிடிக்கும். நான்கு மைக் வைத்துப் பதிவு செய்தாலும் 32 ஜிபி கார்டில் இருபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். லெவல், அதாவது ஒலி எவ்வளவு பலமாகப் பதிவாக வேண்டும் என்ற அளவை, வைப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. உடுக்கையின் அடி திடீரென்று எகிறும். டிஜிட்டலில் அளவு மீறி வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு பழையபடி மீட்க இயலாது. உச்சகட்ட வேகத்தில் ஒருமுறை அடிக்கச் சொல்லி, கருவியின் லெவல் மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

இசைக்கருவிக் கடைகள் விலைச் சீட்டிலேயே "மொத்த ட்ராக்", "ஒரே நேரத்தில் பதிவாகும் ட்ராக்" என்ற இரண்டு எண்களையும் தமிழில் எழுதி வைக்குமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்பாட்டுக் கலைஞர் ஒருவர்,
சோமனூர், கோவை மாவட்டம்.