கிளாஸ்கோவில் நடப்பது வெறும் மதச்சண்டை இல்லை, சார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கிளாஸ்கோ நகரத்துக் கால்பந்து அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. வியாசர்பாடியில் நாங்கள் உட்காரும் டீக்கடையில் அந்தப் பேப்பர் கைமாறிக் கைமாறி, கடைசியில் வடை மடிக்கப் போகிற நேரத்தில் நான் பிடுங்கிப் படித்தேன். 'இங்கிலாந்து கால்பந்தில் மதச்சண்டை' என்று தலைப்பு. முதலில் அது இங்கிலாந்து இல்லை, ஸ்காட்லாந்து. தனிச் சங்கம், தனி லீக், தனி தேசிய அணி. இதை மட்டும் தப்பாகச் சொன்னால் பச்சைக்காரனும் (செல்டிக்) நீலக்காரனும் (ரேஞ்சர்ஸ்) சேர்ந்தே அடிக்க வருவார்கள் என்று அங்கே வேலை பார்க்கிற என் அக்கா மகன் சொல்கிறான். போன புதிதில் ஆபீசில் அவனிடம் கேட்ட முதல் கேள்வியே நீ எந்த டீம் என்பதுதானாம். வியாசர்பாடி என்று சொல்லியிருக்கிறான். அது எந்த டிவிஷன் என்று கேட்டார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மதம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அயர்லாந்தில் பஞ்சம் வந்து பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பக்கம் குடியேறின, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு போடப் பணம் திரட்டத்தான் வால்ஃப்ரிட் என்ற துறவி 1887-ல் செல்டிக்கை ஆரம்பித்தார். ரேஞ்சர்ஸ் அதற்கும் முந்தியது, 1872. பின்னால் கப்பல் கட்டும் தொழில், பெல்ஃபாஸ்டில் இருந்து வந்த புராட்டஸ்டன்ட் தொழிலாளிகள் என்று அந்தப் பக்கம் ஒரு அடையாளம் சேர்ந்துகொண்டது. கத்தோலிக்கர் என்று ஊரறிந்த ஒரு பெரிய ஆட்டக்காரரை ரேஞ்சர்ஸ் எடுத்ததே 1989-ல்தான், மோ ஜான்ஸ்டன், அவர் முன்னாள் செல்டிக் ஆள் வேறு. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

ஆனால் 1909-ஐ ஏன் சார் விட்டுவிட்டீர்கள்? ஹாம்ப்டன் மைதானத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம், இதே இரண்டு அணிகள். முதல் ஆட்டம் 2-2. மறுபடி ஆடினார்கள், 1-1. கூடுதல் நேரம் உண்டு என்று ஜனம் நம்பி நின்றது, இல்லை என்று தெரிந்ததும் உள்ளே இறங்கிவிட்டது. மூன்றாவது தடவையும் நம்மிடம் டிக்கெட் விற்கத்தான் வேண்டுமென்றே டிரா பண்ணுகிறார்கள் என்று சந்தேகம். டிக்கெட் கொடுக்கிற கொட்டகைகளைக் கொளுத்தினார்கள், கோல் போஸ்ட்டைப் பிடுங்கினார்கள், அந்த வருஷம் கோப்பை யாருக்குமே கொடுக்கப்படவில்லை. பச்சையும் நீலமும் ஒன்றாகச் சேர்ந்து செய்த கலவரம் அது, எதிரி டிக்கெட் கவுன்ட்டர். இந்த ஜோடிக்கு 'ஓல்ட் ஃபர்ம்', அதாவது பழைய கம்பெனி, என்று பேர் வந்ததே இரண்டு பேரும் பங்காளி மாதிரி இந்தப் பகையில் காசு பார்க்கிறார்கள் என்ற கிண்டலில்தான் என்று சொல்வார்கள். பல வருஷம் இரண்டு அணி ஜெர்சியிலும் ஒரே கம்பெனி விளம்பரம்தான் இருந்தது. ஏனென்றால் ஒருத்தனுக்கு மட்டும் ஸ்பான்சர் பண்ணினால் ஊரில் பாதிப் பேர் உங்கள் பொருளை வாங்க மாட்டான். எப்படி இருக்கிறது பாருங்கள்!

எனக்கு இந்தக் கதையில் பிடிப்பு வந்ததே பணக் கணக்கால்தான். 1988-ல் டேவிட் முர்ரே என்ற தொழிலதிபர் ரேஞ்சர்ஸை வாங்கினார். செல்டிக் ஐந்து பவுண்ட் போட்டால் நாங்கள் பத்து போடுவோம் என்று சொன்ன ஆள். 2000-ல் டோரே ஆண்ட்ரே ஃப்ளோவை 1 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு எடுத்தார்கள். கப்பு வந்தது, கடனும் வந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை டிரஸ்ட் வழியாகக் கொடுத்ததில் வரி அலுவலகத்தோடு தகராறு வேறு. கடைசியில் 2011-ல் கிரேக் வைட் என்பவருக்கு அந்த கிளப் ஒரு பவுண்டுக்குக் கை மாறியது. ஒரே ஒரு பவுண்ட். கூடவே அடைக்க வேண்டியிருந்த கிளப்பின் வங்கிக் கடனுக்கான பணத்தையே, ரசிகர்கள் வரும் வருஷங்களில் வாங்கப் போகிற சீசன் டிக்கெட்டை இன்னொரு கம்பெனியிடம் முன்கூட்டி விற்றுத்தான் புரட்டியிருக்கிறார். அதாவது ரசிகன் இன்னும் பர்ஸை எடுக்கவே இல்லை, அவன் காசு செலவாகிவிட்டது. 2012 பிப்ரவரி 14-ல் திவால் நடவடிக்கை தொடங்கியது, பழைய கம்பெனி கலைப்புக்குப் போனது, சொத்துக்களை வாங்கிய புதுக் கம்பெனி நாலாவது டிவிஷனில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இது அதே கிளப்பா, புது கிளப்பா என்று அங்கே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை, நான் அதில் தலையிட விரும்பவில்லை.

நாலாவது டிவிஷனில் ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் என்ற சின்ன அணியோடு ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான இப்ராக்ஸில் முதல் ஹோம் மேட்ச், வந்த கூட்டம் 49,118. எனக்கு இதைப் படித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு பேர் இவ்வளவு பாசமாக இருக்கிற இடத்தில், முன்னாடியே ஒரு ஆயிரம் பேர் எழுந்து வரவு செலவு எங்கே என்று கேட்டிருக்கலாமே.

செல்டிக் ஒன்றும் யோக்கியம் இல்லை. 1994-ல் அவர்களும் வங்கி கொடுத்த கெடு முடிய நிமிஷக்கணக்கு இருக்கும்போதுதான் தப்பினார்கள். ஃபெர்கஸ் மெக்கான் என்பவர் கனடாவில் இருந்து வந்து எடுத்தார், கணக்காளர், இளவயதில் ரசிகர் மன்றத்துக்குப் பஸ் ஏற்பாடு பண்ணின ஆள். பங்குகளை ரசிகர்களுக்கு விற்றார், ஸ்டேடியத்தை இடித்துக் கட்டினார், கையில் இல்லாத காசைச் செலவழிக்க மாட்டேன் என்று உட்கார்ந்தார். 1998-ல் ரேஞ்சர்ஸின் பத்தாவது தொடர் பட்டத்தைத் தடுத்து லீக்கை ஜெயித்த பிறகு சாம்பியன் கொடியேற்ற வந்தவரை சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். கஞ்சன் என்று.

இங்கேதான் எனக்குச் சொந்தக் கதை வருகிறது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, எங்கள் தெரு டீமுக்கு நான்தான் கணக்கு. பக்கத்து ஏரியா டீமோடு ஆகாது, ஏன் ஆகாது என்று கேட்டால் எனக்கே தெரியாது, எங்கள் அண்ணன் காலத்தில் இருந்து ஆகாது. அவர்கள் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டிக்கு வெளியில் இருந்து இரண்டு கெஸ்ட் பிளேயரை இறக்கினார்கள் என்று செய்தி வந்தது. நம்ம பசங்க நாலு பேரை இறக்கணும் என்றார்கள். ஆளுக்கு ஐயாயிரம், வண்டிச் செலவு, பிரியாணி, அப்புறம் ஃப்ளெக்ஸ். கையிருப்பு மூவாயிரத்துச் சொச்சம், அதுவும் சின்னப் பசங்களுக்கு ஸ்டட் ஷூ வாங்க வீடு வீடாக வசூல் பண்ணினது. நான் முடியாது என்றேன். என்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று பத்திரிகையில் எழுத முடியாது. கடைசியில் நாற்பதாயிரம் பத்து வட்டிக்கு வாங்கினோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தன், அதை மறைக்கவில்லை. பரிசுத்தொகை எவ்வளவு தெரியுமா, இருபத்தைந்தாயிரம். ஜெயித்திருந்தாலே நஷ்டம். அரையிறுதியில் பெனால்ட்டியில் தோற்றோம், அதையும் அடித்து வெளியே விட்டது கெஸ்ட் பிளேயர்தான். கடனை அடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. சின்னப் பசங்க அந்த வருஷமும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள்.

அதனால் ஸ்காட்லாந்தைப் பற்றி எழுதினால் எடின்பரோவில் ஹார்ட்ஸ் ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 2013-ல் அந்த கிளப் திவாலானபோது ஆன் பட்ஜ் என்ற அம்மா பணம் போட்டு எடுத்தார். சுமார் எட்டாயிரம் ரசிகர்கள் மாதா மாதம் சீட்டுக் கட்டுகிற மாதிரி கட்டிக் கட்டி, 2021-ல் பெரும்பான்மைப் பங்கு அவர்கள் கைக்கு வந்தது. இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சென்னையின் எஃப்சியை 2020-ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன ஓவன் கொய்ல், கிளாஸ்கோ பக்கத்தில் பெய்ஸ்லியில் பிறந்தவர். 2025 ஜூலையில் மேலே இருப்பவர்களின் வணிக ஒப்பந்தப் பிரச்சினையில் ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைத்தார்கள், நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்துகிற பையன்களை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் பேரே இல்லை, ஜெர்சி வாங்குகிற இடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நடிகர் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனுக்கு என்ன கணக்குத் தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். அவன் வீட்டில் சீட்டு நடத்துகிற அம்மாவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ரூபாய் பிசகாது.

எங்கள் டீமின் அந்தக் கணக்கு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, எண்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்துபோய் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அதில் 'இதர செலவு ரூ. 6,200' என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அது என்ன செலவு என்று எனக்கே இப்போது ஞாபகம் இல்லை, அன்றைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் பேக்,
வியாசர்பாடி, சென்னை